தேங்காய் எண்ணெய்: தலைக்கு வந்த கதையும் மூக்குக்குப் போன கதையும்

1/
கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க. தேங்காய் எண்ணெய் எப்போ நம்ம தலைக்கு வந்துச்சு, முடிக்கும் தோலுக்கும் உண்மையில என்ன செய்யும், எங்கே போகவே கூடாதுன்னு பார்ப்போம். நான் தோல் சிறப்பு மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். ஆனா இந்த எண்ணெயைப் பத்தி யாராவது ஒருத்தர் கேட்காத ஓ.பி. நாளே எனக்கு இல்லை.

2/
ஒரு நைட் டியூட்டியில இருந்து ஆரம்பிக்கிறேன். ஐப்பசி மழை. ராத்திரி ரெண்டு மணி இருக்கும். மூணு மாசக் கைக்குழந்தையைத் தூக்கிட்டு அம்மாவும் பாட்டியும் ஓடி வந்தாங்க. குழந்தைக்கு மூச்சு வாங்குது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே இழுக்குது. ஆக்சிஜன் அளவு 84. ஒரு வாரமா இருமலாம். வெளியில ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்கலையாம்.

3/
பால் குடிக்கும்போது புரையேறுச்சா, வீட்டுல வேற யாருக்காவது சளியான்னு வரிசையா கேட்டேன். கடைசியா, "குளிப்பாட்டும்போது மூக்குல ஏதாவது விடுவீங்களா?"ன்னு கேட்டேன். பாட்டி சாதாரணமா சொன்னாங்க: "தினமும் ரெண்டு சொட்டு விட்டு ஊதி உடுவமுங்க, சளி வந்துருமுங்கல்ல."
என் முகம் மாறினதைப் பார்த்துட்டு, "தேங்காயெண்ணெ தானுங்க சாமி? அதென்ன விஷமுங்களா?"ன்னாங்க.

4/
குழந்தைக்கு ஆக்சிஜன் வெச்சு, 108-ல மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி மட்டும் போகலை. அந்த அம்மா மேல கோபப்பட முடியலை. பேரனுக்கு நல்லது செய்யறதா நினைச்சுத்தான் செஞ்சிருக்காங்க. "தேங்காய் எண்ணெய் எதுக்கும் நல்லது"ங்கிற நம்பிக்கை எங்கிருந்து வந்துச்சு? அன்னைக்குத் தேட ஆரம்பிச்சதுதான் இந்த த்ரெட்.

5/
முதல்ல ஒரு ஆச்சரியம். 'எண்ணெய்'ங்கிற சொல்லுலயே தேங்காய் கிடையாது. எள் + நெய் = எண்ணெய். அதாவது எண்ணெய்னாலே ஒரு காலத்துல எள்ளோட எண்ணெய்தான். வடமொழியிலும் இதே கதை: 'தில'ன்னா எள், அதுல இருந்து வந்ததுதான் 'தைலம்'. பிறகு மத்த வித்துகள்ல எடுத்ததுக்கும் அந்தப் பேரே நின்னுடுச்சு. எள் எண்ணெய்க்கு மட்டும் 'நல்லெண்ணெய்'னு பட்டம்.

6/
அதனாலதான் தீபாவளிக்கு, சனிக்கிழமைக்கு, பிரசவம் ஆன உடம்புக்குன்னு தமிழ்நாட்டு எண்ணெய்க் குளியல் எல்லாம் பெரும்பாலும் நல்லெண்ணெய். கோயில் விளக்குக்கோ நெய். சோழர் கல்வெட்டுகள்ல ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் தானம் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வரும். அந்த ஆட்டுப் பாலோட நெய்தான் விளக்குக்கு எரிபொருள்.

7/
அப்போ தென்னை இல்லையா? தாராளமா இருந்துச்சு. சங்கப் பாடல்கள்ல 'தெங்கு' வருது. 2011-ல பீ கன், லுக் பௌடுவான், கென்னத் ஓல்சென் குழு தென்னையோட மரபணுவை ஆராய்ஞ்சாங்க. மனுஷன் தென்னையை வளர்க்க ஆரம்பிச்சது ரெண்டு தனித்தனி இடங்கள்லன்னு தெரிஞ்சது: ஒண்ணு பசிபிக் பக்கம், இன்னொண்ணு இந்தியப் பெருங்கடல் பக்கம். இந்த ரெண்டாவது தாய்வீடு தென்னிந்தியா, இலங்கை, லட்சத்தீவு, மாலத்தீவு சுத்தியே இருந்திருக்கணும்னு அந்த ஆய்வு சொல்லுது.

8/
மரம் நம்மளோடதுதான். ஆனா எண்ணெயைத் தலையில வைக்கிற பழக்கம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்லை. மலையாளக் கரையில மழை அதிகம், தென்னை அதிகம், அங்க சமையலுக்கும் தலைக்கும் அதேதான். இந்தப் பக்கம் மானாவாரி நிலத்துல எள் விளைஞ்சுது, செக்குல நல்லெண்ணெய் ஓடுச்சு. எந்த ஊர்ல எது விளையுதோ அதுதான் அந்த ஊரோட 'இயற்கை வைத்தியம்'. இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

9/
கொச்சியில டச்சுக்காரங்க ஆட்சி நடந்தப்போ, அங்க ஆளுநரா இருந்த வான் ரீட் மலபார்ச் செடிகளைப் பத்தி ஒரு பெரிய நூல் தொகுத்தார். பேரு 'ஹோர்ட்டுஸ் மலபாரிகஸ்', 1678-ல இருந்து 1693 வரை 12 தொகுதிகளா வந்துச்சு. அதுக்கு மருத்துவத் தகவல் கொடுத்தவங்கள்ல முக்கியமானவர் இட்டி அச்சுதன்ங்கிற ஈழவ வைத்தியர். அந்த நூல்ல முதல் செடியே தென்னைதான்.

10/
அடுத்த திருப்பம் நம்ம ஊர்ல நடக்கலை. ஐரோப்பாவுல, சோப்புல நடந்துச்சு. 19-ஆம் நூற்றாண்டுல அங்க சோப்புக்கு மாட்டுக் கொழுப்புதான் பிரதானம். அந்த சோப்பு உப்புத் தண்ணியில நுரைக்காது. தேங்காய் எண்ணெய்ல செஞ்ச சோப்பு கடல் தண்ணியிலும் நுரைக்கும். மாசக்கணக்கா கப்பல்ல போற மாலுமிகளுக்கு இது வரப்பிரசாதம். அதுக்கு 'கடல் சோப்பு'ன்னே பேர் வந்துச்சு.

11/
காரணம் ரொம்ப எளிமை. தேங்காய் எண்ணெய்ல கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம்ங்கிற ஒரே வகைக் கொழுப்பு. 12 கார்பன் நீளம்தான். மாட்டுக் கொழுப்புல இருக்கிறதெல்லாம் 16, 18 கார்பன் நீளம். சங்கிலி குட்டையா இருந்தா அதுல செய்யற சோப்பு சுலபமா கரையும், நல்லா நுரைக்கும். இந்தக் குட்டைச் சங்கிலியை மறந்துடாதீங்க. முடிக்கும் இதேதான் பதில்.

12/
1884-ல வில்லியம் லீவர் இங்கிலாந்துல 'சன்லைட்' சோப்பை ஆரம்பிச்சார். மாட்டுக் கொழுப்பைக் குறைச்சு தாவர எண்ணெய்களைக் கூட்டினதுதான் அவரோட வித்தை. 1888-ல அந்த சோப்பு கல்கத்தா துறைமுகத்துல வந்து இறங்குச்சு. கொப்பரைக்காக 1902-ல பசிபிக் தீவுகள்ல தோட்டம் போடவே தனிக் கம்பெனி தொடங்கினார். இலங்கையிலும் தோட்டம் தோட்டமா தென்னை பெருகின காலம் அது. நம்ம 'கொப்பரை' ஆங்கிலத்துல 'கோப்ரா'ன்னு உலக வியாபாரச் சொல்லாச்சு.

13/
இதுல ஒரு வேடிக்கை. "ஷாம்பு கெமிக்கல் டாக்டர், நான் இயற்கையான தேங்காய் எண்ணெய் மட்டும்தான்"னு சொல்லுவாங்க. ஷாம்புல நுரை வர்றதுக்குப் போடுற சோடியம் லாரில் சல்பேட்ல இருக்கிற 'லாரில்' எங்கிருந்து வருது? பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்ல இருந்தோ, பனைக் கொட்டை எண்ணெய்ல இருந்தோதான். ஒரே லாரிக் அமிலம். ஒரு பக்கம் எண்ணெய் வைக்குது, இன்னொரு பக்கம் அதே எண்ணெயைக் கழுவுது.

14/
இனி நம்ம ஊர் பாட்டில் கதை. அந்தக் காலத்துல தேங்காய் எண்ணெய் டின்ல வரும், இல்லைன்னா செக்குல பாத்திரம் கொண்டுபோய் வாங்கணும். மும்பையில ஹர்ஷ் மாரிவாலா 'பாரசூட்' எண்ணெயை டின்ல இருந்து பிளாஸ்டிக்குக்கு மாத்தப் பார்த்தார். கடைக்காரங்க மறுத்தாங்க. ஏன்னா ஏற்கெனவே யாரோ சதுர பாட்டில்ல விட்டு, எலி கடிச்சு எண்ணெய் கடையெல்லாம் ஓடியிருக்கு.

15/
அவர் என்ன செஞ்சார் தெரியுமா? மூலையே இல்லாத உருண்டை பாட்டில் செஞ்சு, அதை எலிகளோட ஒரு கூண்டுல போட்டு, ஒண்ணும் ஆகலைன்னு படம் எடுத்துக் கடைக்காரங்களுக்குக் காட்டினார். இதை அவரே பல பேட்டிகள்ல சொல்லியிருக்கார். எலிப் பல்லுக்கு உருண்டையில பிடி கிடைக்கலை. அந்த நீல பாட்டில் பட்டிதொட்டி எல்லாம் போச்சு. நல்லெண்ணெய் தேய்ச்ச தலைக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் வந்ததுல இந்த பாட்டிலுக்கும் பங்கு இருக்கு.

16/
அதே பாட்டில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பாட்டில்ல 'கூந்தல் தைலம்'னு எழுதியிருக்காது, கவனிச்சிருக்கீங்களா? சின்ன பாட்டில்ல வர்ற சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்கு வைக்கிற எண்ணெயா? வரி அதுக்கு ஏத்த மாதிரி மாறும். சேலம் கலால் ஆணையர் அலுவலகத்துல இருந்து போன வழக்கு இது. 2018-ல ரெண்டு நீதிபதிகள் ரெண்டு விதமா தீர்ப்பு சொன்னாங்க.

17/
18 டிசம்பர் 2024-ல மூணு நீதிபதிகள் அமர்வு முடிச்சு வெச்சது: பாட்டில் சின்னதுங்கிறதுக்காக அது தலை எண்ணெய் ஆகிடாது. தலைக்குன்னு எழுதி வித்தாத்தான் தலை எண்ணெய், இல்லைன்னா சமையல் எண்ணெய். அப்போ ஒண்ணுக்கு 5%, இன்னொண்ணுக்கு 18% ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர்ல தலை எண்ணெய்க்கும் 5% ஆக்கிட்டாங்க. நம்ம அம்மாக்கள் ஒரே பாட்டில்ல அவியலும் செஞ்சு, சடையும் பின்னி, இந்த வழக்கை எப்பவோ முடிச்சுட்டாங்க!

18/
சரி, அறிவியலுக்கு வருவோம். முடிக்கு உண்மையில என்ன செய்யுது? 2003-ல ரெலே, மோகிலே ரெண்டு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் முடியில தடவி, முடியில இருந்து புரதம் எவ்வளவு கழியுதுன்னு அளந்தாங்க. புரத இழப்பைக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும்தான்.

19/
ஏன்? அதே குட்டைச் சங்கிலிதான். லாரிக் அமிலம் சின்னது, நேரானது, அதனால முடித்தண்டுக்கு உள்ளேயே போகுது. முடி தண்ணியில ஊறினா வீங்கும், காஞ்சா சுருங்கும். தினமும் இது நடந்து முடியோட செதில் பெயரும். எண்ணெய் உள்ளே இருந்தா வீக்கம் குறையும். ஆகவே குளிக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் வைக்கிற பாட்டி முறை சரியானதுதான்.

20/
ஆனா முழுசா சொல்லணும்னா இதையும் சொல்லணும்: அந்த ரெண்டு ஆய்வாளர்களும் வேலை பார்த்தது பாரசூட் எண்ணெய் விக்கிற மாரிக்கோ நிறுவனத்தோட ஆய்வுக்கூடத்துல. அதனால ஆய்வு பொய்னு அர்த்தம் இல்லை. எந்த ஆய்வைப் படிச்சாலும் காசு யாரோடதுன்னு பார்க்கப் பழகணும். மாத்திரை கம்பெனிக்கு நாம கேட்கிற அதே கேள்வியை எண்ணெய் கம்பெனிக்கும் கேட்கணும்.

21/
இன்னொண்ணு. அந்த ஆய்வு சொன்னது முடி உடையாம இருக்கிறதைப் பத்தி. முடி வளர்றதைப் பத்தி இல்லை. தோலுக்கு வெளியே தெரியற முடி உயிரில்லாத நார். வளர்ச்சி நடக்கிறது தோலுக்கு அடியில, வேர்ல. வேருக்குச் சாப்பாடு கொடுக்கிறது ரத்தம்தான், எண்ணெய் இல்லை.

22/
அதனால கொத்துக் கொத்தா முடி கொட்டுதுன்னு வர்ற பொண்ணுங்ககிட்ட நான் எண்ணெயைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுவேன். ரத்தசோகை, தைராய்டு, குழந்தை பிறந்து மூணு மாசம், டெங்கு, டைபாய்டு வந்து ரெண்டு மூணு மாசம். இதெல்லாம்தான் எங்க ஓ.பி.ல அடிக்கடி பார்க்கிற காரணம். ஆயிரம் ரூபாய் மூலிகை எண்ணெய் வாங்குற காசுக்கு முருங்கைக்கீரையும் முட்டையும் வாங்கலாம். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.

23/
பொடுகுக்கு? இங்கதான் பலரும் தப்பு பண்றாங்க. பொடுகுக்குப் பின்னாடி இருக்கிற மலசீசியாங்கிற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. தலை அரிக்குது, செதில் கொட்டுதுன்னு ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வெச்சா அதுக்கு விருந்து வைக்கிற மாதிரி. பொடுகு இருந்தா கீட்டோகொனசோல் ஷாம்பு போட்டுக் குணமாக்கிட்டு அப்புறம் எண்ணெய்க்கு வாங்க. முகத்துல பரு இருக்கிறவங்களும் முகத்துல தடவாதீங்க, துளை அடைச்சுப் பரு கூடும்.

24/
தோலுக்கு? இங்க தேங்காய் எண்ணெய்க்கு நல்ல மார்க். பிலிப்பைன்ஸ்ல 2004-ல 34 வறண்ட தோல் நோயாளிகள்கிட்ட செஞ்ச ஆய்வுல மினரல் ஆயிலுக்கு ஈடா ஈரம் காத்துச்சு. 2014-ல அதே நாட்டுல கரப்பான் இருந்த 117 குழந்தைகளுக்கு 8 வாரம் தடவிப் பார்த்தப்போ, மினரல் ஆயிலை விட நல்ல பலன். குளிச்சு மூணு நிமிஷத்துல, ஈரம் முழுசா காயறதுக்குள்ள, மெல்லிசா தடவணும். கரப்பான் அதிகமா இருந்தா டாக்டர் கொடுத்த களிம்பை விட்டுடாதீங்க. எண்ணெய் கூட நிக்கிற துணைதான்.

25/
பலருக்குத் தெரியாத ஒரு பயன்பாடு. தொழுநோய்ல நரம்பு பாதிச்சா கை, பாதத்துல வியர்வை நின்னுடும். தோல் காஞ்சு வெடிக்கும், உணர்ச்சி இல்லாததால புண் ஆறதுக்குள்ள அடுத்த புண். மருந்து சாப்பிட்டுக் கிருமி செத்த பிறகும் இந்தத் தொல்லை தொடரும். அவங்களுக்கு நாங்க சொல்லித் தர்ற தினசரி பாடம்: 20 நிமிஷம் தண்ணியில பாதத்தை ஊற வை, தடிச்ச தோலைத் தேய்ச்சு எடு, ஈரத்தோட எண்ணெய் தடவு. அவ்வளவுதான். ஒரு கரண்டி எண்ணெய் ஒருத்தரோட விரலைக் காப்பாத்தும்.

26/
அடுத்து கைக்குழந்தைகள். மாசம் குறைஞ்சு பிறந்த குழந்தையோட தோல் இன்னும் முழுசா உருவாகாதது. தண்ணியும் சூடும் அது வழியா வெளியே போகும், கிருமி உள்ளே வரும். எண்ணெய் அங்க ஒரு தற்காலிகப் போர்வை. 2005-ல மும்பையில செஞ்ச ஒரு ஆய்வுல, தேங்காய் எண்ணெய் தேய்ச்சு விட்ட குறைமாதக் குழந்தைகள் மினரல் ஆயில் குழந்தைகளை விட வேகமா எடை கூடினாங்க.

27/
அதே 2005-ல டாக்காவுல ஒரு குழந்தைகள் மருத்துவமனையில 33 வாரத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவினாங்க. மருத்துவமனைத் தொற்று 41% குறைஞ்சது. ஆனா எல்லா எண்ணெயும் ஒண்ணு இல்லை. வட நாட்டுல தடவுற கடுகு எண்ணெய் தோலோட தடுப்புச் சுவர் சரியாகறதைத் தாமதப்படுத்துதுன்னு 2002-ல எலித் தோல்ல நடந்த ஆய்வு காட்டுச்சு. எட்டாவது போஸ்ட்ல சொன்னது ஞாபகம் இருக்கா? எங்க எது விளையுதோ அதுதான் பாரம்பரியம். விளையறதெல்லாம் நல்லதா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. இந்த விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

28/
2022-ல உலக சுகாதார நிறுவனமே குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு உடம்புல எண்ணெய் தடவுறதைப் பரிசீலிக்கலாம்னு சொல்லிடுச்சு. பாட்டிமார்கள் தலைமுறை தலைமுறையா செஞ்சது. ஆனா கவனிங்க: 'உடம்புல'. மென்மையா, தோல்ல மட்டும். எந்தப் புத்தகத்துலயும் மூக்கு, காது, தொப்புள் கிடையாது.

29/
மூக்குல விட்டா என்ன ஆகும்? தண்ணி தொண்டையில தப்பா இறங்கினா உடனே இருமல் வரும். எண்ணெய் வழவழப்பானது, இருமலைத் தூண்டாமலே நழுவி நுரையீரலுக்குள்ள போயிடும். அங்க அதைக் கரைக்க ஆள் இல்லை. நுரையீரலோட துப்புரவு செல்கள் எண்ணெயை விழுங்கிட்டு வீங்கி அப்படியே தேங்கிடும். அதுதான் எண்ணெய் நிமோனியா. கிருமியே காரணம் இல்லாததால ஆன்டிபயாடிக் கேட்காது.

30/
இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. தென்னிந்தியக் குழந்தைகள்கிட்ட எண்ணெய் நிமோனியா வர்றதைப் பத்தி 1973-லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை வந்திருக்கு. அம்பது வருஷம் ஆச்சு. பாட்டில் மாறிடுச்சு, வரி மாறிடுச்சு, நாங்க இன்னும் அதே நிமோனியாவை ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்க்கிறோம். இதுல தப்பு பாட்டிமார் மேல மட்டும் இல்லை. 'எண்ணெய் நல்லது'ன்னோ 'எண்ணெய் கெட்டது'ன்னோ ஒரு வார்த்தையில முடிச்சுட்டு, எங்கே, எப்படின்னு உட்கார்ந்து சொல்லாத எங்க மேலயும்தான்.

31/
சுருக்கமா:
✅ குளிக்கும் முன் முடிக்கு, குளிச்ச பின் வறண்ட தோலுக்கு.
✅ குழந்தை உடம்புக்கு, லேசா.
❌ மூக்கு, காது, தொப்புள், கண், வாய்.
❌ பொடுகு, பரு.
❌ படர்தாமரை. பூஞ்சைக் களிம்புதான் மருந்து.
❌ தீக்காயம். 20 நிமிஷம் குழாய்த் தண்ணி, அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. எண்ணெய், பேஸ்ட், மாவு எதுவும் வேண்டாம்.
விலை ஏறும்போது கலப்படமும் ஏறும், முத்திரையும் தேதியும் பார்த்து வாங்குங்க.

32/
அந்தக் குழந்தை? மருத்துவக் கல்லூரியில மூணு வாரம் இருந்துச்சு. வென்டிலேட்டர் வரைக்கும் போய்த் திரும்பி வந்துச்சு. தடுப்பூசி போட எங்ககிட்டதான் கொண்டு வந்தாங்க. குழந்தை என்னைப் பார்த்துச் சிரிச்சுது. பாட்டி சிரிக்கலை. தலையைக் குனிஞ்சுட்டே, "இனி எண்ணெயவே தொடக்கூடாதுங்களா சாமி?"ன்னு கேட்டாங்க.

33/
"இல்லீங்கம்மா. அது விஷமில்லீங்க. கை, கால், முதுகுன்னு நல்லா தேய்ச்சு விடுங்க, புள்ளைக்கு நல்லதுதான். ஓட்டை இருக்கிற இடம் எதுலயும் மட்டும் விடாதீங்க"ன்னேன். சட்டுனு நிமிர்ந்தாங்க. அந்தக் கைகளுக்கு இன்னும் வேலை இருக்குன்னு தெரிஞ்சதும் வந்த முகம் அது. பக்கத்துல ஊசிக்கு வரிசையில உட்கார்ந்திருந்த இன்னொரு பாட்டிகிட்ட திரும்பி, "கேட்டுக்குங்க, மூக்குல உட்ராதீங்க"ன்னு அவங்களே ஆரம்பிச்சுட்டாங்க.

34/
நான் சொன்னா ஒரு வீடு கேட்கும். அந்தம்மா சொன்னா ஒரு ஊரே கேட்கும். நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லுங்க, திட்டாம சொல்லுங்க. எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடுங்க வேண்டாம். மூக்கு வரைக்கும் போற அந்த ரெண்டு சொட்டை மட்டும் நிறுத்துங்க.